தேக்கிலையைத் தின்றது யார்? ஹைப்ளியா அந்துப்பூச்சியை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதக் கடைசியில் தேக்குத் தோப்புக்குள் நடந்திருக்கிறீர்களா? கோடை மழை இரண்டு மூன்று முறை பெய்து ஓய்ந்திருக்கும். வானத்தில் மேகமே இருக்காது, ஆனால் தலைக்கு மேலே தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் கேட்கும். கையை நீட்டினால் ஈரம் படாது. கடுகு அளவில் கருத்த உருண்டைகள் உள்ளங்கையில் வந்து விழும். அது புழு எச்சம். மேலே ஆயிரக்கணக்கான புழுக்கள் தேக்கிலையை மென்றுகொண்டிருக்கின்றன.

பத்து நாள் கழித்து அதே இடத்துக்குப் போனால் நிழலே இருக்காது. “மரத்துக்கு மொட்டை போட்டுட்டுப் போயிருச்சுப்பா” என்பார் பக்கத்துத் தோட்டக்காரர். மொட்டை போட்டது எது என்று கேட்டால் “ஏதோ புழு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ‘ஏதோ’வுக்குப் பெயர் ஹைப்ளியா பியூரா. 1777-இல் டச்சுப் பூச்சியியலாளர் கிராமர் வைத்த பெயர். பியூரா என்றால் லத்தீனில் சிறுமி என்று பொருள். ஒரு தோப்பையே காலி செய்கிற பூச்சிக்கு இப்படி ஒரு செல்லப் பெயர்!

இதைப் படத்தை வைத்து இனங்காண முயன்று ஏமாந்தவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன். ஒரு நவம்பரில், வரப்போரத் தேக்கின் இலைகள் சல்லடையாகக் கிடப்பதைப் பார்த்த உடனே, “ஹைப்ளியாதான், சந்தேகமே வேண்டாம்” என்று நண்பரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். அது வேறு பூச்சி. இலையைச் சரியாகப் பார்க்கவில்லை, மாதத்தை நினைக்கவே இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் இறக்கை கடைசியில்தான் வரும். முதலில் மாதம், பிறகு இலை, பிறகு புழு, அப்புறம்தான் தாய்ப்பூச்சி.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

தேக்கு கோடையில் இலையுதிர்த்து நிற்கும் மரம். ஏப்ரல், மே மாதங்களில் முதல் மழை விழுந்ததும் கிளை நுனிகளில் செம்பு நிறம் கலந்த கொழுந்துகள் எழும்பும். அந்தக் கொழுந்தைக் கசக்கினால் விரல் மருதாணி வைத்த மாதிரி சிவக்கும். ஹைப்ளியாவுக்கு வேண்டியது அந்தப் பருவத்து இலைதான். பொரித்து வந்த குட்டிப் புழுவால் முற்றிய தேக்கிலையைத் தின்ன முடியாது. உப்புத்தாளைப் போல் சொரசொரக்கும் அந்த இலை அதன் வாய்க்கு மசியாது.

ஆகவே மரம் துளிர்த்து எத்தனை நாள் ஆயிற்று என்பதே முதல் கேள்வி. துளிர்விட்ட சில வாரங்களுக்குள் இலை காணாமல் போகிறது என்றால் ஹைப்ளியா மீது சந்தேகப்படலாம். தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன்னும் அது தொடங்கிய பின்னும், ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன், ஜூலை வரை, இதன் காலம். மழை ஓய்ந்து இலை முற்றிய பிறகு, அக்டோபர், நவம்பரில், சேதம் தெரிந்தால் முதலில் வேறு ஆளைத் தேடுங்கள்.

தரையில் கிடக்கும் இலையைக் கையில் எடுங்கள்

மேலே அண்ணாந்து பார்ப்பதை விடக் கீழே குனிவது நல்லது. விழுந்த இலை ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள்.

ஹைப்ளியா தின்ற இலையில் தடித்த நரம்புகள் மட்டும் மிஞ்சியிருக்கும். நடு நரம்பும் அதிலிருந்து கிளைத்த பெரிய நரம்புகளும் மீன் முள்ளைப் போல் நிற்கும். இடையில் இருந்த சதை, சின்ன நரம்புகள் எல்லாம் போயிருக்கும். நரம்புகளுக்கு நடுவே விரலை நுழைத்தால் மறுபக்கம் வெளியே வரும்.

இன்னொரு பூச்சியின் வேலை முற்றிலும் வேறு. யூடெக்டோனா மகேராலிஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு முற்றிய இலையில் பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். மயிரிழை நரம்பைக் கூடத் தொடாது. இலை முழுவதும் கொசுவலைத் துணி போல் ஆகி, பழுப்பேறி, மரத்திலேயே தொங்கும். விரலை விட்டால் வலை தடுக்கும். வனத்துறைக்காரர்கள் ஹைப்ளியாவை டீஃபோலியேட்டர் (இலையைக் காலி செய்வது) என்றும் இதை ஸ்கெலிட்டனைசர் (இலையை எலும்புக்கூடாக்குவது) என்றும் பிரித்துச் சொல்வார்கள். நவம்பரில் நான் பார்த்தது இந்த இரண்டாவது ஆளைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு மரமும் வாடின மாதிரியே தோன்றும். கையில் எடுத்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

தேக்கைத் தாக்கும் அந்துப்பூச்சிகளில் தண்டு துளைப்பவையும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சஹ்யாட்ராசஸ் மலபாரிகஸின் புழு இளங்கன்றின் தண்டில் பொந்து குடைந்து, வாயிலை மரத்தூளும் நூலும் கலந்த மூடியால் அடைத்து வைத்திருக்கும். அது இலைக்கு வராது, நம் விசாரணையில் சேராது.

மடிப்பைப் பிரியுங்கள்

கைக்கெட்டும் உயரத்தில் பாதி தின்ற இளம் இலை இருந்தால் அதன் ஓரத்தைக் கவனியுங்கள். விளிம்பில் இரண்டு இடத்தில் வெட்டி, நடுவில் உள்ள துண்டை உள்பக்கமாக மடித்து, நூலால் தைத்து வைத்தது போல் ஒரு பகுதி இருக்கும். கடிதத்தின் உறையை ஒட்டிய மாதிரி கச்சிதமான மடிப்பு. புழு பகலில் அதற்குள் ஒடுங்கிக்கொண்டு, பெரும்பாலும் இரவில் தலையை நீட்டிச் சுற்றியுள்ள இலையை மேயும். இரண்டு முறை தோலுரித்து மூன்றாம் வளர்ச்சிப் பருவத்தை எட்டிய பிறகுதான் இந்த மடிப்பு வேலை. அதற்கு முந்தைய குட்டிகள் இலைப் பரப்பில் நரம்போரமாக ஒரு பள்ளத்தில், மேலே சில நூலிழைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு, சுரண்டித் தின்னும். அவற்றைப் பார்க்க லென்ஸ் வேண்டும்.

மடிப்பை நகத்தால் மெல்ல நீக்குங்கள். பயம் வேண்டாம். இது கம்பளிப்புழு அல்ல, அரிக்கும் மயிர் கிடையாது. முழு வளர்ச்சியில் மூன்றரை முதல் நாலரை செண்டிமீட்டர் நீளம் இருக்கும். தொட்டால் உடலை வெடுக்கென்று வளைத்து, நூலை விட்டுக் கீழே இறங்கிவிடும். இந்த நூல்கள்தான் தோப்புக்குள் நடக்கும்போது முகத்தில் ஒட்டுபவை.

நிறத்தை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். இங்கேதான் பலர் ‘இது இரண்டு வேறு புழு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு மரத்துக்கு ஒன்றிரண்டு என்று தனித்தனியாக வளர்ந்த புழு வெளிர் பச்சையாக இருக்கும். கூட்டமாக நெருக்கியடித்து வளர்ந்தவை கரும் நிறத்தில், பக்கவாட்டில் வெளிர்க் கோடுகளோடு இருக்கும். இனம் ஒன்றுதான், நெருக்கடிதான் வேறு. வெட்டுக்கிளி தனியாக இருக்கும்போது ஒரு நிறமும் படையாகத் திரளும்போது இன்னொரு நிறமும் எடுப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே கதை. எனவே புழுவின் நிறத்தைக் குறிக்கும்போது, பக்கத்தில் எத்தனை புழு இருந்தன என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். கருத்த புழு கண்ணில் பட்டால் அங்கே பெருக்கம் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சருகைக் கிளறுங்கள்

புழுப் பருவம் நல்ல வெயிலும் ஈரமும் கலந்த நாட்களில் பத்து, பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். வளர்ந்த புழுக்கள் நூல் பிடித்துத் தரைக்கு இறங்கும். மரத்தடியில் சருகின் மேல் அடுக்கைத் தள்ளிப் பாருங்கள். இலைத் துணுக்கையும் மண்ணையும் நூலால் கோர்த்த தளர்ந்த கூட்டுக்குள் பழுப்பு நிறக் கூட்டுப்புழு இருக்கும். தரை நீர் கோத்துக் கிடந்தால் கீழே உள்ள செடிகளின் இலையை மடித்து அதற்குள்ளேயே கூடு கட்டுவதும் உண்டு. ஆறிலிருந்து எட்டு நாளில் அந்துப்பூச்சி வெளிவரும். முட்டை பொரிக்க இரண்டு நாளே ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சாதகமான காலத்தில் ஒரு தலைமுறை மூன்று வாரத்துக்குள் முடிகிறது. குளிர்ந்த காலத்தில் ஐந்து வாரம் வரை இழுக்கும்.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் மழைக்காலத் தொடக்கத்தில் தேக்குக் காட்டுக்குப் போகிறவர்கள் இதே சருகைக் கூடையோடு கிளறுவார்கள். கூட்டுப்புழுவைப் பொறுக்கி வறுத்துத் தின்பார்கள், சந்தையிலும் விற்பார்கள். நம் ஊரில் அதைக் கிளறுவது பறவைகள்தான்.

இப்போது தாய்ப்பூச்சி

இறக்கை விரித்தால் மூன்றரை செண்டிமீட்டர் அளவு. உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் மிகச் சாதாரணம். முன்னிறக்கை சாம்பலும் பழுப்பும் கலந்து, காய்ந்த இலைத்துண்டு போல் கிடக்கும். சிலது செம்பழுப்பு, சிலதில் புள்ளிகள், சிலதில் ஒன்றுமே இல்லை. முன்னிறக்கையின் கோலத்தை வைத்துப் பெயர் சொல்கிறவரை நம்ப வேண்டாம். தலையின் முன்னால் உதட்டு உணரிகள் நீண்டு அலகு போல் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் படம் எடுத்தால் இது நன்றாகத் தெரியும்.

ரகசியம் பின்னிறக்கையில் இருக்கிறது. கருத்த பரப்பின் நடுவே மஞ்சளும் ஆரஞ்சுமான திட்டுகள். பறக்கும்போது பளிச்சென்று தெரியும், உட்கார்ந்த நொடியில் மறைந்துவிடும். இதைப் படம் பிடிக்கக் குச்சியால் இறக்கையை நீக்குவது, ஊசி குத்துவது எல்லாம் தேவையில்லை. மூடியுள்ள கண்ணாடி டப்பாவுக்குள் விட்டு, கைப்பேசியில் ஸ்லோ மோஷன் வீடியோ ஓட விடுங்கள். படபடக்கும்போது பின்னிறக்கை நன்றாகத் தெரியும் ஃபிரேம் ஒன்றாவது கிடைக்கும். அதை நிறுத்திப் படமாக எடுத்துக்கொண்டு பூச்சியைத் திறந்து விட்டுவிடலாம்.

மஞ்சள் பின்னிறக்கை என்றதும் யூடோசிமா வகைப் பழம் துளைக்கும் அந்துப்பூச்சிகளோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அவை உள்ளங்கையை அடைக்கும் பெரிய பூச்சிகள். அங்கே ஆரஞ்சுப் பரப்பில் கருப்புத் திட்டு, இங்கே கருப்பில் ஆரஞ்சுத் திட்டு. ஸ்கெலிட்டனைசர் தாய்ப்பூச்சியோ வெளிர் மஞ்சள் இறக்கையில் சிவந்த நெளிகோடுகள் ஓடும் சிறு பூச்சி, ஹைப்ளியாவோடு எந்த உருவ ஒற்றுமையும் இல்லை. ஹைப்ளியா பேரினத்திலேயே வேறு சில இனங்களும் உண்டு. இறக்கைப் படம் மட்டும் இருந்து, எந்த மரம், எந்த இலை என்ற குறிப்பு இல்லாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. இந்தக் குடும்பமே வகைப்பாட்டில் இடம் மாறி வந்த ஒன்று. ஒரு காலத்தில் நாக்டுயிடே குடும்பத்தில் கிடந்தது, இப்போது ஹைப்ளியிடே என்று தனிக்குடும்பம்.

இரவில் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கு வைத்தால் வரும். ஆனால் வெளிச்சத்துக்கு வந்த பூச்சி எங்கே வளர்ந்தது என்று சொல்லாது. காப்புக்காட்டுக்குள்ளும் புலிகள் காப்பகத்திலும் அனுமதி இல்லாமல் இரவில் விளக்கு வைக்க முடியாது, பூச்சியைப் பிடித்து எடுத்து வரவும் கூடாது. சொந்தத் தோட்டமோ நண்பரின் வரப்போ இருந்தால் அதுவே போதும்.

சந்தேகம் தீராவிட்டால் வளர்த்துப் பாருங்கள்

மடிப்போடு நாலைந்து புழுக்களைப் பறித்து வந்து, அடியில் டிஷ்யூ தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் விடுங்கள். மூடியில் ஊசித் துளைகள் வேண்டும். தினமும் பழைய இலையையும் எச்சத்தையும் அகற்றி, புது இளம் இலை வையுங்கள். ஈரம் தேங்கினால் பூஞ்சை வரும், அதுதான் ஒரே பெரிய எதிரி. ஒன்றரை வாரத்துக்குள் கூட்டுப்புழு, அடுத்த வாரம் அந்துப்பூச்சி.

எல்லா டப்பாவிலும் அந்துப்பூச்சியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூட்டுப்புழுவிலிருந்து சின்னக் குளவியோ, மயிரடர்ந்த ஈயோ வெளிவரலாம். ஏமாற்றமாக இருக்கும், ஆனால் அதுவும் பதிவுக்கு உரியதே. ஹைப்ளியாவை உண்டு வாழும் ஒட்டுண்ணிகள் ஏராளம். சில புழுக்கள் தின்பதை நிறுத்தி, இலையிலேயே துவண்டு தொங்கி, தொட்டதும் தோல் கிழிந்து நீராக வழியும். அது பாக்குலோவைரஸ் நோய். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இந்த வைரஸைக் கொண்டே புழுவைக் கட்டுப்படுத்தும் முறையை அதே மாநிலத்து நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் சோதித்தது. அந்தப் புழுவைத் தூக்கி எறிந்துவிட்டு டப்பாவைச் சுத்தமாகக் கழுவுங்கள், இல்லையென்றால் மற்றவையும் போய்விடும்.

வாழிடத்தைப் படியுங்கள்

காட்டுப் பூச்சி என்றால் காட்டுக்குள் ஓர் இடத்தில் நிலையாக இருக்கும் என்று நினைக்கிறோம். இந்தப் பூச்சிக்கு முகவரி காடு அல்ல, தளிர். தளிர் எங்கே இருக்கிறதோ அங்கே அது.

நிலம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். மலபார் கலெக்டராக இருந்த கானலி 1840-களில் தொடங்கிய தேக்குத் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. அதன் பிறகு ஆறுகளை ஒட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே மரம். கோடை மழைக்குப் பிறகு பெருக்கம் தொடங்குவது இந்தப் பரப்பு முழுவதிலும் ஒரே நாளில் அல்ல. அரை ஹெக்டேர், ஒன்றரை ஹெக்டேர் அளவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில திட்டுகளில் முதலில் புழு திரளும். அங்கிருந்து வெளிவரும் தாய்ப்பூச்சிகள் தாங்கள் வளர்ந்த மரத்திலேயே முட்டையிடுவது அரிது, அங்கே தின்ன இலை மிஞ்சியிருக்காது. கூட்டமாகக் கிளம்பி, துளிர் இருக்கும் வேறு பகுதிக்குப் போய்விடும். மூன்று வாரம் கழித்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு தோப்பு மொட்டையாகும். ஓரிடத்தில் மட்டும் நின்று பார்க்கிறவருக்கு, பூச்சி மாயமாய் வந்து மாயமாய்ப் போன மாதிரி இருக்கும்.

அப்படியானால் மழையில்லாத மாதங்களில் எங்கே இருக்கிறது? ஹைப்ளியா கூட்டுப்புழுவாக உறங்கிக் காலம் கழிக்கும் வகை அல்ல. மிகக் குறைந்த எண்ணிக்கையில் ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்துகொண்டேதான் இருக்கிறது. தேக்கின் அடிக்கட்டையிலிருந்து பருவம் தப்பித் துளிர்க்கும் போத்துகளில் பாருங்கள். காட்டோர நொச்சியிலும் மயிலடி மரத்திலும் பாருங்கள், தேக்குக்கு உறவான அந்த மரங்களையும் இது தின்னும். கடலோரத்தில் அவிசென்னியா என்ற அலையாத்தி மரத்தையும் விடாது. மும்பையின் அலையாத்திக் காடுகள் இதே பூச்சியால் இலை இழந்து நின்றிருக்கின்றன. சேற்றில் நிற்கும் அலையாத்தியும் மலையடிவாரத் தேக்கும் ஒரே பூச்சிக்கு உணவு என்பதை முதன்முறை கேட்டபோது நான் நம்பவில்லை.

ஆகவே வாழிடக் குறிப்பு எழுதும்போது ‘தேக்குக் காடு’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். தனித் தேக்குத் தோட்டமா, டாப்சிலிப்பைச் சுற்றி உள்ளது போல் மூங்கிலும் மருதும் வேங்கையும் கலந்த காடா? கலப்புக் காட்டில் பறவைக்கும் ஒட்டுண்ணிக்கும் ஆண்டு முழுவதும் வேறு இரை கிடைப்பதால் அவை அங்கேயே தங்கும். தனித் தோட்டத்தில் அந்த வசதி குறைவு. கீழே என்ன செடி இருக்கிறது, உண்ணிச்செடி மட்டும் அடைத்துக் கிடக்கிறதா? கடைசி மழை எப்போது? துளிர் எத்தனை நாளானது? தஞ்சைப் பக்கம் கால்வாய்க் கரைத் தேக்கைப் பார்க்கிறவர்கள் தண்ணீர் திறந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், கரையின் ஈரமும் மரத்தின் துளிர்ப்பில் கை வைக்கும்.

மரம் செத்துவிடுமா?

தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சாகாது. சில வாரங்களில் மறுபடி துளிர்த்துவிடும். இழப்பு வேறு விதத்தில் வருகிறது. நிலம்பூரில் 4 முதல் 8 வயது வரையிலான மரங்களில் நடந்த ஆய்வில், புழு படாமல் காத்த பகுதியில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 6.7 கன மீட்டர் மரம் சேர்ந்தது. காக்காத பகுதியில் 3.7 மட்டுமே. சேர வேண்டிய வளர்ச்சியில் 44 சதவீதம் புழுவின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. நுனிக் கொழுந்து போனால் இளமரம் கவைத்துப் போவதும் உண்டு, நேரான கட்டைக்கு அது கெடுதல்.

அதற்காக மொட்டையான மரத்தைப் பார்த்த பின் மருந்து தெளிப்பவர்களைக் கண்டால் எரிச்சலாக வரும். அதற்குள் புழு தரைக்கு இறங்கியிருக்கும். செத்துப்போவது குளவியும் ஈயும்தான். வரப்பில் பத்துப் பதினைந்து மரம் வைத்திருப்பவர் பேசாமல் இருந்துவிடலாம் என்பது என் கருத்து.

பதிவு செய்வது எப்படி

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற உயிரினப் பதிவு இணையதளங்களில் ஏற்றுவதானால் ஒரே பதிவில் நான்கு படங்களைச் சேருங்கள்: வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்த இலை, பிரிக்காத மடிப்பு, புழு, பின்னிறக்கை தெரியும் தாய்ப்பூச்சி. நான்கும் ஒரே நாளில் கிடைக்காது. மே கடைசியில் முதல் மூன்று, ஜூன் நடுவில் நான்காவது என்று திட்டமிடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் போதும்.

ஒரு மரத்தைத் தேர்ந்து சாக்பீஸால் எண் போடுங்கள். ஏப்ரலிலிருந்து வாரம் ஒருமுறை, அதே கிளையை, அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். என் வரப்பில் மூன்றாம் எண் மரம் போன வருஷம் ஜூன் முதல் வாரம் மொட்டையானது. அதற்கு இருபதடி தள்ளி நிற்கும் நான்காம் எண்ணில் ஓர் இலை கூடக் குறையவில்லை. நோட்டைப் புரட்டினேன். நான்கு, மூன்றை விடப் பதினாறு நாள் முந்தித் துளிர்த்திருந்தது. பூச்சி வந்த நேரத்தில் அதன் இலை முற்றிப்போயிருந்தது.